தாண்டிய படங்கள்

திரேஸ்புரம், தூத்துக்குடி
13 ஜனவரி 2025

பனிமய மாதா துணை.

மதிப்பிற்குரிய பத்மஸ்ரீ மேடம்,

என் பெயர் பிலோமி. உங்கள் ஆராய்ச்சிக்காகத் துகள்கள் மோதும் படங்களைப் போனில் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் முந்நூற்று நாற்பது பேரில் நானும் ஒருத்தி. போனில் கேட்டால் போனிலேயே பதில் வரும், பிறகு அந்தப் பதில் காணாமலும் போகும். அதனால் தபாலில் கேட்கிறேன். தபாலிலேயே, கையெழுத்தோடு பதில் வேண்டும்.

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஆனால் 2023 நவம்பர் முதல், ஞாயிறு தவிர, நாளுக்கு நாற்பது படம் பார்க்கிறேன். நீங்கள் ஆரம்பத்தில் அனுப்பிய பாடத்தை நோட்டில் எழுதிப் படித்திருக்கிறேன். எலக்ட்ரான், மியூவான், டாவ் மூன்றும் குணத்தில் ஒன்று, எடையில் மட்டும் வேறு. ஏன் மூன்று, ஏன் இந்த எடை என்று யாருக்கும் தெரியாது. மூன்று குடும்பங்களையும் சேர்த்துக் கட்டிய ஒழுங்கு ஒன்று அடியில் இருந்தால், ஹிக்ஸ் துகள் சிதையும்போது எப்போதாவது ஒரு மியூவானும் ஒரு டாவும் ஜோடி மாறி வரவேண்டும். படத்தில் ஒரு பக்கம் மியூவான், கடைசி வளையம் வரை போகும் நீளக் கோடாக; எதிர்ப்பக்கம் டாவ், மூன்று சிறு கோடுகள் ஒட்டிய கொத்தாக. கம்ப்யூட்டர் தடுமாறும் படங்களை எங்கள் கண்ணுக்கு விடுகிறீர்கள். இதுவரை நான் புரிந்துகொண்டது சரியா?

சரியென்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள். பார்க்கும் படத்தில் ஜோடி மாறியது தெரிந்தால் அதை நோட்டில் சின்னதாக வரைந்துகொள்வது என் வழக்கம். என் 7,730ஆவது படமும் 9,214ஆவது படமும் ஒன்று. இடம் வலம் மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்தேன். இயற்கையில் ஒரே மோதல் இரண்டு தடவை நடக்காது என்று பாடத்தில் நீங்கள்தான் சொன்னீர்கள்.

என்னோடு படம் பார்க்கிற அடுத்த வீட்டு ரீனா, "ஏளா, படத்தக் காட்டி ஆதார் நம்பர உருவுதானுவ" என்கிறாள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தவறா, ஏமாற்றா என்று மட்டும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பிலோமி மரியான்


சென்னை
24 ஜனவரி 2025

அன்புள்ள பிலோமி அம்மா,

தவறும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஆனால் மறைத்தோம் என்பது உண்மை. இருபது படத்துக்கு ஒன்று கம்ப்யூட்டர் வரைந்தது. ஜோடி மாறிய படம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே செய்து, உண்மைப் படங்களோடு கலந்து அனுப்புகிறோம். பார்ப்பவர் அதில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்தால்தான், உண்மையானதில் எத்தனையை விட்டிருப்பார் என்று கணிக்க முடியும். முன்னமே சொன்னால் சோதனை பாழாகும். ஒன்றைத் திருப்பிப் போட்டு மறுபடி அனுப்பியது எங்கள் சோம்பல். இதைக் கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் நேராகக் கேட்டதால் நானும் நேராகக் கேட்கிறேன். சோதனைப் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டை நீங்கள் பிடித்துவிடுகிறீர்கள், ஒவ்வொரு நாளும் முதலில் வருவதைத் தவிர. அன்றைக்கு இன்னும் எதையும் "ஆம்" என்று குறிக்காத நேரத்தில் சோதனைப் படம் வந்தால், அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உங்கள் பெயரில் "இல்லை" என்று விழுகிறது. இரண்டாவதிலிருந்து கண் திறந்துவிடுகிறது. முந்நூற்று நாற்பது பேரில் இப்படி இன்னொருவர்தான் இருக்கிறார். உங்கள் அடுத்த வீட்டு ரீனா.

தொடக்கத்தில் வேறு யாராவது உங்கள் போனைப் பார்க்கிறார்களா? இருவரும் ஏதாவது செயலி வைத்துச் செய்கிறீர்களா?

மார்ச் கடைசிக்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் உங்கள் இருவர் பெயரில் உள்ள அத்தனை படங்களையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். எனக்கும் அது இழப்புதான். என் உதவித்தொகை ஜூனோடு முடிகிறது, கட்டுரை அதற்குள் முடிந்தாக வேண்டும்.

பத்மஸ்ரீ


திரேஸ்புரம்
3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சந்தேகம். மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்துகொண்டது.

எதைத் தேடுகிறீர்களோ அதையே வரைந்து எங்களிடம் அனுப்புகிறீர்கள். நாங்கள் அதைக் கண்டுபிடித்தால் நல்ல கண் என்கிறீர்கள். இப்படிப் பதினான்கு மாதம் பழக்கிவிட்டால் இல்லாத இடத்திலும் அதுதானே கண்ணில் படும்? அந்த ஒழுங்கு இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கிறது. ஆசை உள்ளவர் கையில் தராசைக் கொடுக்கக் கூடாது என்பார்கள்.

அடுத்தது. என் போனை யாரும் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர், மாதத்தில் பாதி நாள் கடலில். செயலி, கியலி எதுவும் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, இதுதான் பெரிது. முதல் படத்தில் நான் "இல்லை" அழுத்தியதே கிடையாது. கண்ணால் கண்டதை இல்லை என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. "ஆம்", "இல்லை", "தாண்டு" என்று மூன்று பொத்தான் வைத்திருக்கிறீர்கள். நான் அழுத்தியது "தாண்டு". நான் சொல்லாத "இல்லை"யை என் பெயரில் எழுதியது யார்?

முதல் படம் என்னுடையது அல்ல, அதனால் தாண்டுகிறேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

பிலோமி


சென்னை
14 பிப்ரவரி 2025

அன்புள்ள பிலோமி அம்மா,

"இல்லை" என்று எழுதியது நான்தான். நிரலை எழுதியபோது "தாண்டு" வந்தால் "இல்லை"யோடு சேர்த்துவிடும்படி செய்தேன். தெளிவில்லாத படத்தைத்தான் தாண்டுவார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். தாண்டியதைத் தனியாகப் பதிந்து வைக்கவும் இல்லை. இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

ஆனால் அதோடு கேள்வி முடியவில்லையே. முதல் படம் உங்களுடையது அல்ல என்றால் யாருடையது? எங்கள் குழுவில் ஒருவர், நீங்கள் வேறு யாருக்கோ படங்களைக் கொடுக்கிறீர்கள் என்கிறார். இன்னொருவர், நாங்கள் வரைந்தது எது என்று தெரிந்துகொண்டு வேண்டுமென்றே விளையாடுகிறீர்கள் என்கிறார். நான் இரண்டையும் நம்பவில்லை என்று எழுத ஆசைதான். நம்பாமல் இருக்க ஒரு காரணம் கொடுங்கள்.

உங்கள் தராசுப் பேச்சு எனக்கு வலித்தது. சரியாக இருந்ததால்தான் வலித்தது என்று நினைக்கிறேன்.

பத்மஸ்ரீ


திரேஸ்புரம்
26 பிப்ரவரி 2025

மேடம்,

போன சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் நாமத்தை அழித்த தடம். ரீனா வாசலில் வலை ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கருவாடு கெடைக்குமா?" என்றார்.

"என்ன கருவாடு வேணும், அண்ணாச்சி?"

"நல்ல கருவாடா."

"சாளையா, நெத்திலியா?"

"ரெண்டுல எது வாசம் இல்லாதது?"

ரீனா என் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏளா பிலோமி, இந்தா ஒரு அண்ணாச்சி வாசமில்லாத கருவாடு தேடி வந்திருக்காவ. உங்கிட்ட உண்டுமா?"

அவர் என்னிடம் வந்து, மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டே, "இங்கன கம்ப்யூட்டர் வேலை பாக்கறவா யாராவது இருக்காளா?" என்றார். கருவாட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். அதில் என் பெயர் இருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டார்.

அவரை அனுப்பியது நீங்கள் இல்லை என்றால் மன்னிக்கவும். நீங்கள்தான் என்றால், அடுத்த தடவை இறைச்சியோ மீனோ தின்கிற ஆளாக அனுப்புங்கள்.

ஒற்றன் வரைக்கும் போய்விட்டதால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வலை இழுத்தால் முதலில் கைக்கு வரும் மீன் மாதாவுக்கு. அது சின்னதா பெரிதா என்று பார்ப்பதில்லை, எடையும் போடுவதில்லை. தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் நம் மீனை எண்ணுவோம். படம் பார்க்கத் தொடங்கிய அன்றே நான் நேர்ந்துகொண்டேன். தினம் முதலில் கண்ணில் படும் ஜோடி மாறிய படம் மாதாவுக்கு. அதை உங்கள் கணக்கில் குறிக்காமல் தாண்டிவிட்டு, அதன் எண்ணையும் தேதியையும் தனி நோட்டில் எழுதி வைக்கிறேன். ரீனா என்னைப் பார்த்துப் பழகியவள்.

நாற்பதில் ஒன்று குறைந்தால் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். நிறைய வந்துவிடும் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் அந்த நோட்டைத் தர முடியாது. கொடுத்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. என் பெயரை நீக்குவதானால் நீக்கிவிடுங்கள். பதினைந்து மாதத்துப் படங்கள். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிலோமி


சென்னை
8 மார்ச் 2025

அன்புள்ள பிலோமி அக்கா,

வந்தது என் சித்தப்பா பையன் ஸ்ரீகிருஷ்ணா. ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறான். "தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வா" என்றுதான் சொன்னேன். கருவாடு அவனாகக் கண்டுபிடித்த யோசனை. மோர் நன்றாக இருந்தது என்றான். அவனை அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு விளக்கம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு அடுக்களை ஞாபகம் வந்தது. பெருமாளுக்குக் காட்டாமல் அம்மா ஒரு பருக்கையைத் தரமாட்டாள். ஆனால் காட்டியது எங்கள் இலைக்கே திரும்பி வரும். உங்கள் வழக்கத்தில் அப்படித் திரும்பி வர ஒரு வழி இருக்குமா?

ஏன் கேட்கிறேன் என்று முழுதாகச் சொல்கிறேன். மூன்று குடும்பங்களைக் கட்டும் ஒழுங்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஜோடி மாறியதுபோல் தோன்றும் படங்கள் எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 900 வரும். தற்செயலாகச் சேரும் வேறு துகள்களின் வேலை அது. முப்பது கூடலாம், முப்பது குறையலாம். அதற்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் செய்தி. சோதனைப் படங்களைக் கழித்து இப்போது கையில் இருப்பது 941. இதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு படத்தை ஒருவர்தான் பார்க்கிறார். எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. உங்கள் இருவர் நோட்டிலும் இருக்கும் உண்மைப் படங்களைச் சேர்த்தால்தான் எண்ணிக்கை முழுமையாகும்.

திட்டம் தொடங்கும்போது, அந்த முப்பதைப்போல் மூன்று மடங்கு கூடி 990 வந்தால்தான் பேசுவது என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் 960 வந்தாலே ஒரு குறிப்பு எழுதலாம் போலத் தோன்றுகிறது. எழுதினால் உதவித்தொகை இன்னும் இரண்டு வருடம் நீளும்.

பத்மஸ்ரீ


திரேஸ்புரம்
19 மார்ச் 2025, சூசையப்பர் திருநாள்

பத்மஸ்ரீ அம்மா,

ஸ்ரீகிருஷ்ணாவை அடுத்த தடவை வீட்டுக்குள் வரச் சொல்லுங்கள். மோர் எப்போதும் இருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் நான் நின்றுவிட்டேன். 990 எப்படி 960 ஆனது? இடையில் இயற்கை எதுவும் மாறவில்லை. மாறியது ஜூன் மாதம் கிட்டே வந்தது மட்டும்தான். 941 என்று கையில் இருக்கும்போது கோட்டைக் கீழே இறக்கினால், அது கோடு அல்ல, உங்கள் காலுக்கு அளவெடுத்த செருப்பு.

திரும்பி வர வழி உண்டா என்று கேட்டீர்கள். ஒரு வழி உண்டு, யோசித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மாதாவுக்கு விட்ட மீன் கோயிலில் கிடந்து நாறுவதில்லை. வாசலில் ஏலம் போடுவார்கள். ஏலத்தில் எடுத்தவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பாள். அதில் பாவம் இல்லை. எடுப்பவள் ஏலம் கேட்கும்போது எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்க வேண்டும், கேட்ட பிறகு பின்வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

இங்கே முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் சிப்பியைத் திறந்து காட்டி விற்கவில்லை. ஆயிரம் ஆயிரமாகக் குவித்து, மூடிய சிப்பியாகவே ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விட்டவனுக்கும் தெரியாது, எடுத்தவனுக்கும் தெரியாது.

என் நோட்டும் அப்படித்தான். அதில் எது உண்மைப் படம், எது நீங்கள் வரைந்தது என்று எனக்குத் தெரியாது. அதில் என்னென்ன எண்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே நோட்டை ஏலம் விடுகிறேன். பணம் வேண்டாம். எந்த எண்ணுக்கு மேல் வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை என்று ஒரே ஒரு எண்ணைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திறந்த பிறகு அந்த எண்ணைத் தொடக் கூடாது. 960 என்று எழுதினாலும் நோட்டு வரும். ஏன் 960 என்று மாதாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பிலோமி


சென்னை
29 மார்ச் 2025

பிலோமி அக்கா,

பத்து நாள் எடுத்துக்கொண்டேன். 975 என்று ஒரு தாள் எழுதினேன், நடுவாக இருக்கட்டும் என்று. எதற்கு நடு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிழித்துவிட்டேன்.

இத்துடன் தாள் இருக்கிறது. 990. கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். நகல் ஒன்றை எங்கள் குழுவின் பலகையில் குத்தி வைத்துவிட்டேன், எல்லோர் முன்னாலும்.

பத்மஸ்ரீ


திரேஸ்புரம்
7 ஏப்ரல் 2025

பத்மஸ்ரீ அம்மா,

தாள் வந்தது. ஏலம் முடிந்தது.

என் நோட்டு ஒன்று, ரீனாவுடையது ஒன்று. என்னுடையதில் 301 எண்கள். சில நாள் எதுவும் கண்ணில் படவில்லை, அந்த நாளுக்குக் கோடு போட்டிருக்கிறேன். ரீனாவுடையதில் 188. அவள் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒன்றுபோல இருக்கும். சந்தேகம் வந்தால் ஏழு என்று எடுக்காதீர்கள், அவளிடம் கேளுங்கள்.

நோட்டைக் கட்டும்போது ரீனா பக்கத்தில் இருந்தாள். "ஏளா, அந்தப் புள்ளைக்கு எத்தன வேணுமாம்?" என்றாள். 990 வேண்டும், 941 இருக்கிறது என்றேன்.

"நாலஞ்சு சேத்து எழுதிக் குடுத்துருவமா? பாவம், பொழச்சிட்டுப் போவுது."

"எந்த நம்பர சேப்ப?"

"ஏதாவது நம்பரு. கோடிப் படம் கெடக்கு, ஒண்ணு ரெண்டு ஆம்பிடாமலா போவும்?"

"தவசு காலத்துல பேசுத பேச்சாளா இது?"

"அப்ப ஈஸ்டருக்குப் பொறவு எழுதுவமா?" என்றாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் கட்டின கட்டைப் பிரித்து, எல்லாப் பக்கத்திலும் கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்து மறுபடி கட்டினேன். அந்த எண்ணம் ரீனாவிடம் மட்டும் இருக்கவில்லை, அதனால்தான்.

பிலோமி


சென்னை
26 ஏப்ரல் 2025

பிலோமி அக்கா,

நோட்டு பதினான்காம் தேதியே வந்துவிட்டது. முடிவு பதினாறாம் தேதி தெரிந்தது.

உங்கள் 301இல் 279 நாங்கள் வரைந்தவை. உண்மைப் படம் 22. ரீனா அக்காவின் 188இல் உண்மை 15. மொத்தம் 37. 941உடன் சேர்த்தால் 978.

நான் முதலில் எழுதி வைத்திருந்த தாளில் இருந்தது 975. அதைக் கிழித்திருக்காவிட்டால் இன்று மூன்று படத்தில் ஜெயித்திருப்பேன். 960 என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். குழுவில் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார், "அந்தத் தாள் அதிகாரப்பூர்வமானது ஒண்ணும் இல்லையே, பத்மஸ்ரீ. எடுத்துட்டா யார் கேக்கப் போறா?" தூத்துக்குடியில் ஒருவர் கேட்பார் என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கட்டுரையை "காணவில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான் தேடிய வகை ஒழுங்கு, இந்தப் படங்களில், இந்த அளவுக்கு, தென்படவில்லை. இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கலாம். அதைத் தேட வேறு யாராவது, இதைவிட அதிகமான படங்களோடு வருவார்கள். உதவித்தொகை நீளவில்லை. ஜூன் முடிந்ததும் எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கே போகிறேன். அம்மா கோமளவல்லி இப்போதே மாவடு போட்டு வைத்திருக்கிறாளாம். பிறகு என்ன என்று தெரியாது.

கட்டுரையில் ஒரு பத்தி உங்களுக்காக. "இரு தன்னார்வலர்கள் ஒவ்வொரு நாளும் தாம் முதலில் கண்ட படத்தைச் சமயக் காணிக்கையாக ஒதுக்கி, முழுமையான பதிவோடு பின்னர் ஒப்படைத்தனர்." குழுவில் கட்டுரையைச் சரிபார்த்தவர் இதை நீக்கச் சொன்னார். நீக்க மறுத்துவிட்டேன். உங்கள் அத்தனை மாதமும் கணக்கில் இருக்கிறது, ஒரு படம் குறையாமல். வீட்டுக்காரரிடம் சொல்லலாம்.

ஜூன் வரை படங்கள் வரும். பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். "தாண்டு" இனிமேல் தனியாகப் பதிவாகும்.

பத்மஸ்ரீ


திரேஸ்புரம்
5 மே 2025

பத்மஸ்ரீ,

வீட்டுக்காரர் மரியான் வந்திருந்தார். சொன்னேன். உப்புக் காய்ந்த கையோடு உங்கள் கட்டுரைப் பத்தியைக் கேட்டுவிட்டு, "அப்ப கெடைக்கலயா?" என்றார். கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். "ஆழம் பாத்தாச்சுல்லா. இனி வாரவன் இங்கன வீணா நங்கூரம் போட மாட்டாம்லா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

உங்கள் 990 தாளைக் கோயில் பெட்டியில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. மாதா நோட்டு இப்போது உங்களிடம் இருப்பதால் புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டியிருக்கிறேன். இந்த வருடம் இந்த வீட்டிலிருந்து மாதாவுக்குப் போனது அதுதான். அதற்கு மேல் முதல் படத்தையும் கேட்க மாட்டாள் என்று நம்புகிறேன். இன்று காலை முதல் ஜோடி மாறிய படம் வந்தது. "ஆம்" அழுத்தினேன். கை கொஞ்சம் தயங்கியது, பொத்தான் தயங்கவில்லை.

ஸ்ரீவைகுண்டம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மாவடு கொண்டு வாருங்கள். மீன் வைக்காத அடுப்பு ஒன்று ரீனா வீட்டில் இருக்கிறது, கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிலோமி

பின்குறிப்பு: காலையில் "ஆம்" அழுத்திய அந்தப் படம் என் பழைய 4,411. இந்தத் தடவை தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.